மாஸ்க்கைக் கழற்றிய பிறகு அரை மணி நேரம்

ராத்திரி முழுக்க ஒரு மெஷின் உங்கள் மூச்சு வேலையில் பாதியைச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம். நெஞ்சுத் தசைகளுக்கு நல்ல ஓய்வு. காலையில் மாஸ்க்கைக் கழற்றும்போது எப்படி இருக்க வேண்டும்? நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி தெம்பாகத்தானே இருக்க வேண்டும்?

சிலருக்கு அப்படி இருப்பதில்லை. அந்த நாளின் மிக மோசமான மூச்சுத்திணறல் அவர்களுக்கு அப்போதுதான் வருகிறது. மாஸ்க் முகத்தில் இருக்கிறவரை ஒன்றுமில்லை. கழற்றிய இரண்டாவது நிமிடம் தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது, நெற்றியில் வியர்வை. அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ இப்படிப் போய்விட்டு, பிறகு தானாக அடங்குகிறது. இதற்கு மருத்துவத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள்: டீவென்டிலேஷன் மூச்சுத்திணறல். வென்டிலேட்டரை விட்டு விலகியதும் வருவதால் அந்தப் பெயர். எங்கள் வீட்டில் அது நான்கு மாதம் பெயரில்லாமலேயே குடியிருந்தது. அந்தப் பெயரையும் அதன் காரணத்தையும் நாலு பேருக்குத் தெரியப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"போன வாரம் பரோட்டா, இந்த வாரம் நுரையீரலா?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: ஆமாம். நான் படிப்பது மெக்கானிக்கல். டாக்டருக்கும் எனக்கும் உள்ள ஒரே உறவு, அப்பத்தாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் டோக்கன் வாங்கி உட்காருவதுதான். ஆனால் இதில் பாதி விஷயம் பம்ப், வால்வு, அழுத்தம், நேரம். அது நம்ம சப்ஜெக்ட் :-)

அப்பத்தாவும் அடுப்பும்

அப்பத்தாவுக்கு 71 வயது. பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் இட்லிக்கடை வைத்திருந்தார். விறகு அடுப்பு, ஊதாங்குழல், ஜன்னல் இல்லாத சமையல்கட்டு. 2007-ல் அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்தது. கடை அடுப்பு மட்டும் விறகிலேயே நின்றது. சிலிண்டர் போட்டு வேகவைத்தால் இட்லியை அந்த விலைக்கு விற்க முடியாது என்பது அப்பத்தாவின் கணக்கு. கணக்கு சரிதான். மீதியை நுரையீரல் கட்டியது.

நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., என்றதும் எல்லோரும் சிகரெட்டைத்தான் நினைப்பார்கள். நம் நாட்டில் சிகரெட்டையே பார்க்காத எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. காரணம் விறகு, வறட்டி, சுள்ளி இவற்றின் புகை. மூச்சுக்குழாய்கள் உள்ளே வீங்கிக் குறுகிவிடும். நுரையீரலின் இழுவிசை போய்விடும். புது ரப்பர் பேண்டுக்கும் வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டுக்கும் உள்ள வித்தியாசம். நமக்கு மூச்சை உள்ளே இழுப்பதுதான் வேலை. வெளியே விடுவது தானாக நடக்கும். இவர்களுக்கு விடுவதே பெரும்பாடு.

நோய் முற்றினால் அடுத்த கட்டம் வரும். ஆக்சிஜன் குறைவது மட்டுமல்ல, கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் சரி. போன வருஷம் அப்பத்தா அரை மயக்கமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேறி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து எடுத்தபோதும் அது 62. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது. வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தது பாதி இந்த 62-தான்.

இது தூக்கத்தில் இன்னும் மோசமாகும். நாம் கனவு காணும் கட்டத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். மூச்சுக்கு மிச்சமிருப்பது உதரவிதானம் ஒன்றுதான். சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கோ உதரவிதானம் ஏற்கெனவே தட்டையாகி வலுவிழந்திருக்கும். கழுத்துத் தசை, விலாத் தசை எல்லாவற்றையும் போட்டு இழுத்துத்தான் பகலை ஓட்டுகிறார்கள். ராத்திரி அந்தத் தசைகளும் கைவிட்டால்? அதற்குத்தான் பைபாப் மெஷின். தொண்டையில் ஓட்டை போடாமல், குழாய் இறக்காமல், மூக்கையும் வாயையும் மூடும் ஒரு மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும். மூச்சு இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம். அவ்வளவுதான் அதன் தத்துவம்.

மெஷின் வந்தது, காலையும் வந்தது

மெஷின் கொடுத்தவர்கள் அனுப்பிய டெக்னீஷியன் வந்தார். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த இரண்டு அழுத்தங்களையும் வைத்தார். மற்றவை மெஷினில் ஏற்கெனவே எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பலன் தெரிந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டே வாரத்தில் தலைவலி போனது. பகல் தூக்கம் குறைந்தது. பால்காரர் கணக்கில் நாலு ரூபாய் இடிப்பதை அப்பத்தா கண்டுபிடித்தார். மூன்றாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் 62 என்பது 50 ஆகியிருந்தது. மெஷினில் உள்ள அட்டையைப் பார்த்த டாக்டர், "தினமும் ஏழு மணி நேரம் போடறாங்க, சூப்பர்" என்றார்.

ஆனால் அப்பத்தா மட்டும் மெஷினை வெறுக்க ஆரம்பித்திருந்தார். காலை ஆறு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றினால் ஏழு மணி வரை கட்டிலை விட்டு இறங்க முடியாது. பாத்ரூம் பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்கு நடுவில் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் நாலு மணிக்கு எழுந்து மாவு ஊற்றிய ஆளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. "மெஷினுக்கு உடம்பு பழகிருச்சு, அடிமையாயிருச்சு, இனி அது இல்லாம மூச்சே வராது" என்பது அத்தையின் கட்சி. "ஆக்சிஜன் பத்தலை, கூட்டி வை" என்பது சித்தப்பா கட்சி. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "90 இருக்கே, அப்புறம் என்ன? மனப் பயம்தான்" என்பது மூன்றாவது கட்சி.

அப்பத்தா சொன்னது வேறு. "உள்ள எடமில்லைய்யா. இழுத்தா ஏற மாட்டேங்குது."

இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நோயும் இதில் இருக்கிறது.

நான்காவது மாதம் அப்பத்தா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் கருமத்தை இனி மாட்ட மாட்டேன். ராத்திரி செத்தாலும் பரவாயில்லை, காலையில மனுசியா எந்திரிக்கணும்." அவர் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மெஷினை நிறுத்தினால் 50 மறுபடி 62-ஐ நோக்கிப் போகும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை என்பதால் வீட்டில் யாராலும் அதைத் தீர்க்க முடியவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இந்தச் சண்டைக்கு நடுவில் விடுமுறைக்கு வந்திருந்தேன். லேபில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதைச் செய்தேன்: அளந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. பதினான்கு நாள். மாஸ்க் கழற்றிய நேரம், ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, சாதாரணமாகப் பேச ஆரம்பித்த நேரம். கூடவே ஒரு சின்ன விளையாட்டு. கபடி பாடும்போது மூச்சு விடாமல் பாடுவோமே, அதுபோல ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. டாக்டர்களும் இதைச் செய்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. செலவில்லாத கருவி.

மாஸ்க் கழற்றி ஐந்தாவது நிமிடம் அப்பத்தா 6, 7 வரை எண்ணினார். ஐம்பதாவது நிமிடம் 17, 18. ராத்திரி மாஸ்க் மாட்டுவதற்கு முன் 18. அதாவது தூங்கப் போகும்போது இருந்ததைவிட எழுந்தவுடன் மோசம். ஆனால் ஆக்சிஜன் அளவு எல்லா நேரத்திலும் 89, 90, 91. சித்தப்பா கட்சியும் மூன்றாவது கட்சியும் இங்கேயே அடிபட்டன. ஆக்சிஜன் குறையவில்லை, அதனால் கூட்ட வேண்டியதில்லை. அதே சமயம், அளவு குறையாததால் திணறல் பொய்யென்றும் ஆகிவிடாது. ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஒரு மூச்சுக்கு எத்தனை பாடுபடுகிறார் என்று அதற்குத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு பற்றியும் தெரியாது.

சித்தப்பா சொன்னதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை நோயாளிகளுக்கு டாக்டர்கள் ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதத்துக்குள்தான் வைக்கச் சொல்வார்கள். திணறுகிறதே என்று நாமாகத் திருகிக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய்விடலாம். பாசத்தில் திருகக்கூடாத குமிழ் அது.

நோட்டை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் அப்பத்தாவிடம் கேட்டார்: "மாஸ்க்கக் கழட்டுனதும் எப்படி இருக்கும்மா?" நான்கு மாதத்தில் அந்தக் கேள்வியை ஒரு டாக்டர் கேட்பது அதுதான் முதல் தடவை. அப்பத்தா அதே வரியைச் சொன்னார். உள்ளே இடமில்லை. "கரெக்ட்டா சொல்றாங்க தம்பி. நிஜமாவே இடமில்லை" என்றார் டாக்டர்.

இறங்குபவர்களுக்கு வழி விடுங்கள்

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சாயங்காலம் மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன்னாலேயே கீழே நிற்பவர்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். கண்டக்டர் கத்துகிறார், "இறங்குறவங்களுக்கு வழி விடுங்கப்பா!" யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர் இறங்குவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுகிறார். அடுத்த ஸ்டாப்பிலும் இதே கதை. பஸ் நிறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் படியில் தொங்கும் கூட்டத்தோடு நிற்கும்.

சி.ஓ.பி.டி. நுரையீரலில் காற்று இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். வாசல் சின்னது. மெஷின் அவசரமாக அடுத்த மூச்சைத் தள்ளினால் பழைய காற்று வெளியேறுவதற்குள் புதுக்காற்று ஏறிவிடும். நுரையீரல் ஊதியபடியே இருக்கும். இதற்குக் காற்றுத் தேக்கம் என்று பெயர். இது எல்லையில்லாமல் ஏறாது. ஊத ஊத நுரையீரலின் இழுப்பும் கூடி, ஏறுவதும் இறங்குவதும் சமமாகும் ஒரு இடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த இடம், படியில் தொங்கும் கூட்டத்தோடு நிற்கும் பஸ்.

அப்படியானால் ராத்திரி ஏன் திணறவில்லை? மெஷின் தள்ளிக்கொண்டே இருப்பதால். தேங்கிய காற்றின் அழுத்தத்தை எதிர்த்துப் புது மூச்சை உள்ளே கொண்டுபோகும் வேலையை அது செய்துவிடுகிறது. மாஸ்க்கைக் கழற்றிய நொடியில் அந்த வேலை முழுவதும் அப்பத்தாவின் தலையில் விழுகிறது. ஊதிப்போன நெஞ்சு. கீழே தள்ளப்பட்டுத் தட்டையான உதரவிதானம். ஏற்கெனவே முழுக்க இறக்கிய பிஸ்டனை இன்னும் இறக்கு என்றால் எங்கே இறங்கும்? பிறகு தன் வேகத்தில் மெதுவாக மூச்சு விட விட, தேங்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அதற்குத்தான் அந்த முக்கால் மணி நேரம்.

இது மட்டுமே காரணம் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. ராத்திரி மருந்தின் பலம் விடியற்காலையில் குறைந்திருக்கும். ஏழு மணி நேரம் துப்பாத சளி கெட்டியாகி நிற்கும். ஓய்வில் இருந்த தசைகள் திடீரென்று முழுச் சுமையையும் தூக்க வேண்டியிருக்கும். தசை நோய், முதுகெலும்புக் கோணல், அதிக உடல் எடை போன்றவற்றுக்காக மெஷின் போடுபவர்களுக்குக் கதையே வேறு. ஆனால் அப்பத்தாவின் மெஷின் அட்டையைப் பிரித்துப் பார்த்தபோது பஸ் கதைதான் தெரிந்தது.

மூன்று நொடிக் கணக்கு

மெஷினில் குறைந்தபட்ச மூச்சு எண்ணிக்கை என்று ஒன்று உண்டு. நோயாளி தானாக மூச்சு எடுக்காவிட்டால் மெஷின் இந்த வேகத்தில் கொடுக்கும். அப்பத்தாவுக்கு அது 20 என்று இருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் காற்றைத் தள்ளும் நேரம் 1.5 நொடி.

இப்போது கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 3 நொடி. அதில் தள்ளுவதற்கு 1.5 போனால், வெளியே விட மிச்சம் 1.5 நொடி. இந்தக் கணக்கில் ஏழு மணி நேரத்துக்கு 8,400 மூச்சு.

டாக்டர் எண்ணிக்கையை 14 ஆக்கினார், தள்ளும் நேரத்தை 1 நொடி ஆக்கினார். இப்போது ஒரு மூச்சுக்குச் சுமார் 4.3 நொடி, வெளியே விட 3.3 நொடி. இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு ரூபாய் செலவில்லை. பட்டனை நாலு முறை அழுத்தியதுதான்.

இன்னொன்று, மாஸ்க் கசிவு. அப்பத்தா ராத்திரி பல் செட்டைக் கழற்றிவிடுவார். கன்னம் குழிந்துவிடும். மாஸ்க்கின் ஓரம் பதியாமல் காற்று கசியும். கசிந்தால் மெஷின் ஏமாந்துபோகும். நோயாளி தானாக எடுக்கும் மூச்சில், உள்ளே போகும் காற்றின் வேகம் குறைந்ததும் "போதும், இனி வெளியே விடட்டும்" என்று மெஷின் முடிவு செய்ய வேண்டும். கசிவு இருந்தால் வேகம் குறையாத மாதிரியே தெரியும். மெஷின் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்பத்தா விட முயன்றுகொண்டிருப்பார். இருவரும் எதிரெதிர்த் திசையில். வேறு அளவு மாஸ்க் மாற்றியதில் இது பெருமளவு சரியானது. கூடவே மேல் அழுத்தத்தை 24-லிருந்து 20 ஆகக் குறைத்தார்.

தயவுசெய்து இந்த எண்களை எடுத்து உங்கள் வீட்டு மெஷினில் வைக்காதீர்கள். இது ஒரு ஆளுக்குத் தைத்த சட்டை. இன்னொருவருக்கு இதே எண்கள் கெடுதல் செய்யலாம்.

முதலில் அதிக அழுத்தம் வைத்ததும் முட்டாள்தனமல்ல. 2014-ல் ஜெர்மனி, ஆஸ்திரியா இரு நாடுகளின் 36 மையங்களில் 195 சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கார்பன் டை ஆக்சைடு நன்றாகக் குறையும் அளவுக்கு அழுத்தம் வைத்து மெஷின் கொடுத்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். மெஷின் இல்லாதவர்களில் 33 சதவீதம். 2017-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், ஆக்சிஜனோடு மெஷினும் பெற்றவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இறக்காமலும் இருந்த இடைநிலைக் காலம் 4.3 மாதம், வெறும் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களுக்கு 1.4 மாதம். ஆக, "கருமத்தைத் தூக்கிப் போடு" என்பது விடையல்ல. அதே சமயம் உயிரைக் காக்கும் அந்த அழுத்தமே காலையைக் கெடுக்கவும் செய்யலாம். 2012-ல் ஜெனீவாவில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். தூக்கப் பரிசோதனையில் நோயாளியும் மெஷினும் எங்கெங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்து அளவுகளைச் சரிசெய்தபோது காலை மூச்சுத்திணறல் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அது சொல்லும் செய்தி பெரியது: போடுவதா நிறுத்துவதா என்ற இரண்டு வழிகளுக்கு நடுவில், சரிசெய்வது என்று மூன்றாவது வழி இருக்கிறது.

ஊதாங்குழல் மூச்சு

பட்டனில் முடியாத வேலை கொஞ்சம் உண்டு. பிசியோதெரபி அக்கா ஒருவர் கற்றுக்கொடுத்தார். மாஸ்க்கைப் படுத்தபடி கழற்றக்கூடாது. முதலில் எழுந்து உட்கார வேண்டும். முன்னால் ஸ்டூலில் ஒரு தலையணை, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். பிறகு கழற்ற வேண்டும். கழற்றியதும் மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக நீளமாக விட வேண்டும். அப்படி விட்டால் வாயில் உண்டாகும் லேசான எதிர் அழுத்தம் மூச்சுக்குழாய்கள் மூடிக்கொள்ளாமல் தாங்கும். தேங்கிய காற்றுக்கு வழி கிடைக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை எழுந்தவுடன் எடுத்துவிட வேண்டும், காபிக்குப் பிறகல்ல. பாத்ரூம் எல்லாம் அதற்கப்புறம்.

உதட்டைக் குவித்து எப்படி விடுவது என்று அந்த அக்கா செய்து காட்டினார். அப்பத்தா ஒரே தடவையில் செய்துவிட்டார். "இது ஊதாங்குழல் ஊதுறதுல்ல?" என்றார். முப்பது வருஷம் ஊதி ஊதி நுரையீரலைக் கெடுத்த அதே உதடு, இப்போது அதைக் காப்பாற்றும் வேலைக்கு வந்திருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

இப்போது ஐந்தாவது நிமிடத்தில் 13, 14 வரை எண்ணுகிறார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேச்சு சரியாகிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு 50-லிருந்து 52 ஆனது. அழுத்தத்தைக் குறைத்ததற்குக் கொடுத்த விலை அந்த 2. "போட மாட்டேன்னு சொல்ற 50-ஐ விட, தினமும் போடற 52 மேல்" என்றார் டாக்டர். பாத்ரூம் வழியில் இருந்த நாற்காலி இன்னும் எடுக்கப்படவில்லை. சளி பிடித்தால் பழைய கதைதான். நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் மெஷின் வேண்டாம் என்ற பேச்சு நின்றுவிட்டது.

கோபன்ஹேகன் மாணவர்கள்

மாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் ஒரு பழைய சம்பவம். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பிளக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் சொன்ன யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். அமுக்கியவர்கள் மருத்துவ மாணவர்கள். சுமார் 1,500 பேர், ஷிஃப்ட் போட்டு, இரவும் பகலும், வாரக்கணக்கில். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமே அதுதான் என்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கும் ஆளுக்கு நோயாளியின் முகம் தெரியும். கையில் பையின் இறுக்கம் தெரியும். காற்று போதவில்லை என்றால் கூட்டலாம், அதிகம் என்றால் குறைக்கலாம். இன்றைய மெஷின் அந்த மாணவர்களைவிடத் துல்லியமானது, அதற்குத் தூக்கமும் வராது. அது எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது, எத்தனை லிட்டர் போனது எல்லாம் அட்டையில் எழுதி வைக்கும். ஆனால் அதன் கணக்கு மாஸ்க்கைக் கழற்றிய நொடியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் அரை மணி நேரம் எந்த அட்டையிலும் ஏறாது. அதைப் பார்க்க முகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் நாமாக இருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி இந்த மெஷின் போடுகிறார்கள் என்றால், இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மாஸ்க் கழற்றிய பிறகு திணறல் வருகிறதா, எத்தனை நிமிடம், ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது, வயிறு ஊதுகிறதா, மாஸ்க் ஓரத்தில் காற்று கண்ணில் அடிக்கிறதா. அதை டாக்டரிடம் காட்டி, மூச்சை வெளியே விட நேரம் போதுகிறதா என்று கேளுங்கள். மெஷினை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டாதீர்கள். திணறல் அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, திடீரென்று நெஞ்சு வலியோடு வந்தாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு குழறி மயக்கமாக இருந்தாலோ நோட்டை மூடிவிட்டு 108-க்குப் போன் போடுங்கள்.

மெடிக்கல் படிக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக்கு நீங்கள் டாக்டராகி உட்காரும்போது, "எத்தனை மணி நேரம் போட்டீங்க?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, "கழட்டுனதும் எப்படி இருக்கு?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி வராது. உள்ள எடமில்லைய்யா என்று வரும்.